நலமாயிருந்த ஏழு மாதங்கள்

இர்விங் நகரில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்டின் கூரையை நெருங்கும்போதுதான் விமானங்கள் தம் சக்கரங்களை வெளியே நீட்டுகின்றன. பால்கனியில் நாற்காலி போட்டு அமர்ந்தால் அவற்றின் வெள்ளை வயிறு நன்றாகத் தெரியும். என் கணவர் அண்ணாந்து பார்த்து, இது காலையில் ஏறிய விமானம், உள்ளே இருப்பவர்கள் ஆம்லெட் சாப்பிட்டிருப்பார்கள் என்பார். அடுத்தது வந்தால், இதில் பாஸ்தா என்பார். விமானங்களுக்கு உணவு கட்டி அனுப்பும் ஒரு சமையற்கூடத்தின் குளிர் அறையில் பதினோரு ஆண்டுகள் நின்று, உணவுத் தட்டுகளுக்கு மூடி போட்டவர் அவர். இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய பிறகு அவர் விமானம் ஏறியது ஒரே முறைதான், நியூஜெர்சியின் பார்சிப்பனியில் இருக்கும் எங்கள் மகளைப் பார்ப்பதற்காக. ஆனால் அவர் கைபட்ட உணவு எத்தனையோ கடல்களைத் தாண்டியிருக்கிறது.

அந்தப் பால்கனியில் நாங்கள் ஒரு விசாரணைக் கடிதத்துக்காகப் பதினாறு மாதங்கள் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பையும், அதற்கு ஒரு காரணமாக அமைந்த என் பிழையையும் இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

கழுத்தின் எலும்புகள் தேய்ந்து உள்ளே ஓடும் நரம்பை நெருக்குகின்றன என்று மருத்துவர் சொன்னார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நிமிர்ந்த மனிதர், வாரி விட்ட தலை, சிரித்த முகம். விரல்கள் மட்டும் அவருடைய சொல்லைக் கேட்பதை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டன. தட்டுகளின் மூடி நழுவியது. பின்பு தட்டே நழுவியது. ஒரு வசந்த காலத்தின் நடுவில் மேற்பார்வையாளர் அவரை அழைத்து, கையைக் குணப்படுத்திக்கொண்டு வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். அன்று அவர் தம் குளிர் அறைக் கோட்டை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். டெக்சஸ் வெயிலில் அந்தக் கோட்டுக்கு எங்கள் வீட்டில் வேலை இல்லை. இன்றும் அலமாரியில் தொங்குகிறது.

இயலாமல் போனவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகைக்கு மகள்தான் கணினியில் விண்ணப்பித்தாள். சில வாரங்களில், நோயாளியை உடனிருந்து பார்ப்பவர் நிரப்பவேண்டிய படிவம் ஒன்று என் பெயருக்கு வந்தது. எட்டுப் பக்கம். ஃபோட்டோ எடுத்து அனுப்பு, நான் ஃபில் பண்ணிடறேன் என்று மகள் சொன்னாள். கணவர் சம்மதிக்கவில்லை. "அவளே எழுதட்டும். முத்து மாதிரி எழுதுவா" என்றார்.

எனக்கும் அதில் பெருமை இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். தமிழை வாடகை நூலகத்துப் புத்தகங்களிலிருந்தும், ஆங்கிலத்தை இந்த ஊர்ப் பொது நூலகத்தின் மேசையில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் நானாகவே கற்றேன். அரசாங்கம் என் கையெழுத்தில் ஒரு செய்தியைக் கேட்டு எழுதியது அதுவே முதல் முறை. குளித்துவிட்டு வந்து, முதல் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி இட்டுத் தொடங்கினேன்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. இல்லாததை இல்லை என்று வாயால் சொல்வதில்லை. அரிசி தீர்ந்துவிட்டால் நிறைந்திருக்கிறது என்போம். விளக்கை அணைக்கமாட்டோம், அமர்த்துவோம். வாசலில் நின்று போகிறேன் என்று எவரும் சொல்லமாட்டார்கள், வருகிறேன் என்பார்கள். சொன்ன சொல் வீட்டிலேயே தங்கிவிடும் என்பது நம்பிக்கை. அப்படியிருக்க, சொல்லே தங்கும் என்றால் எழுத்து எவ்வளவு காலம் தங்கும்? என் கணவரின் கை விழுந்துவிட்டது என்று என் கையாலேயே எப்படி எழுதுவேன்?

ஆடை அணிவதில் சிரமம் உண்டா என்று படிவம் கேட்டது. எளிய ஆடைகளை விரும்பி அணிகிறார் என்று எழுதினேன். பொத்தான் வைத்த சட்டைகளை எல்லாம் நான் பெட்டியில் கட்டி வைத்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. உணவு உண்பதைப் பற்றிக் கேட்டது. வீட்டுச் சாப்பாட்டைத் திருப்தியாக உண்கிறார் என்று எழுதினேன். சோற்றை நான் பிசைந்து உருட்டி அவர் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பகல் முழுவதும் என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு நிறைய இடம் விட்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு எழுகிறார், நீராடுகிறார், கடவுளை வணங்குகிறார், செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார், செய்தித்தாள் படிக்கிறார் என்று வரிசையாக எழுதினேன். கடைசிப் பக்கத்தில், வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று இருந்தது. என் கணவர் ஒழுக்கமானவர், மதுவும் புகையும் அறியாதவர், பதினோரு ஆண்டுகளில் ஒரு நாளும் வேலைக்குத் தாமதமாகச் சென்றதில்லை என்று நிறைவு செய்தேன்.

எழுதி முடித்தபோது அந்த எட்டுப் பக்கங்களும் ஒரு சுத்தமான வீட்டைப்போல் இருந்தன. அஞ்சலில் சேர்க்கும் முன் மகளுக்குப் படித்துக் காட்டவில்லை. இலையுதிர் காலத்தில் மறுப்புக் கடிதம் வந்த பிறகே காட்டினேன். அவள் கடைசிப் பக்கம்வரை கேட்டாள். பிறகு, "அம்மா, இது மேட்ரிமோனிக்குக் கொடுக்கிற பயோடேட்டா மாதிரி இருக்கும்மா" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள் என்பது தொலைபேசியிலும் தெரிந்தது.

நீச்சல் குளத்தின் ஓரத்தில், எல்லா வீடுகளுக்குமான அஞ்சல் பெட்டிகள் சுவர்போல் நிற்கும் இடத்தில்தான் அந்த மறுப்பை நான் படித்தேன். உங்கள் மனைவியின் அறிக்கையின்படி நீங்கள் நீராடுகிறீர்கள், வழிபடுகிறீர்கள், செடிகளைப் பராமரிக்கிறீர்கள், படிக்கிறீர்கள். ஆகவே நீங்கள் ஏதேனும் ஒரு வேலையைச் செய்ய இயலும். என் சொற்கள் ஒன்றுகூட மாறாமல் திரும்பி வந்திருந்தன. குளத்தில் யாரும் இல்லை. நீரின் மேல் ஒரு விமானத்தின் நிழல் கடந்து போனது. மேலே ஏறி வந்து, இன்னும் சில காகிதங்கள் கேட்கிறார்கள் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். மகளையும் சொல்ல விடவில்லை.

குளிர் காலத்தில் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. கை திரும்பவில்லை. மறுபரிசீலனை கேட்டோம். போகப் போக முன்னேற்றம் வரும் என்று காரணம் காட்டி அதையும் மறுத்தார்கள். இனி நீதிபதியின் முன்னால்தான் முறையிட வேண்டும் என்று ஆனபோது ஒரு வக்கீலைத் தேடிப் போனோம். வெண்ணிறத் தலைமுடியுள்ள அந்த அம்மையார் என் அறிக்கையை இரண்டு முறை படித்தார். கணவரை வெளியறையில் அமர்த்திவிட்டு என்னிடம் சொன்னார்: நீதிபதியின் மேசையிலும் இந்தக் காகிதம் இருக்கும். நீங்கள் சாட்சியாக வந்து, அவரால் என்னென்ன முடியாது என்பதை உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை தினமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதுவரை என்றால் எதுவரை என்று கேட்டேன். ஓர் ஆண்டு ஆகலாம், மேலும் ஆகலாம், வரிசை நீளமானது என்றார்.

வரிசைகள் எங்களுக்குப் புதியவை அல்ல. அவருடைய அக்கா விண்ணப்பித்து, இந்த நாட்டுக்கு வர விசாவுக்காகப் பதின்மூன்று ஆண்டுகள் வரிசையில் நின்ற குடும்பம் இது. அந்தக் காத்திருப்பில் மகள் பாவாடையிலிருந்து கல்லூரிக்கு வளர்ந்தாள். அப்போது நாள் நகர நகர ஏதோ ஒன்று கிட்ட வருவதுபோல் இருந்தது. இந்தக் காத்திருப்பு அப்படி இல்லை. ஏரியில் படகை அவிழ்த்து விட்டதுபோல் எந்தத் திசையும் இல்லாமல் மிதந்தது.

டாலர் கடையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை வாங்கினேன். வாழ்நாளில் முதல் முறையாகச் சுழி இடாமல் எழுதத் தொடங்கினேன். இப்படிப்பட்ட எழுத்துக்குப் பிள்ளையாரைக் காவல் வைக்க மனம் வரவில்லை. அந்த நோட்டை வீட்டுக்குள்ளும் கொண்டுவரவில்லை. பால்கனியின் ஓரத்தில், விளக்குமாறும் வாளியும் வைக்கும் சிறு அறை உண்டு. அதில் வாளிக்குப் பின்னால் வைத்தேன். பகலுணவுக்குப் பின் அவர் கண்ணயரும்போது பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவேன். செவ்வாய்: டம்ளர் இரண்டு. சாவியைத் திருப்ப முடியாமல் நான் கடையிலிருந்து வரும்வரை கதவுக்கு வெளியே நின்றார். புதன்: செய்தித்தாளின் பக்கம் திரும்பவில்லை, முதல் பக்கத்தையே காலை முழுவதும் படித்தார். எழுதி முடித்ததும், துக்க வீட்டுக்குப் போய் வந்தவளைப்போல் கை கால் கழுவிய பிறகே உள்ளே வருவேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு அஞ்சல் வண்டி வரும். அவரும் என்னோடு கீழே இறங்குவார். பெட்டியைத் தாமே திறக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் சாவியை அழுத்தி, உடலையே ஒரு பக்கம் சாய்த்துத் திருப்புவார். பின்னால் அண்டை வீட்டார் பொறுமையாக நிற்பார்கள். டேக் யுவர் டைம் அங்கிள் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். பெட்டிக்குள் பெரும்பாலும் விளம்பரத் தாள்களே கிடக்கும். "நீதிபதி இன்னைக்கு பீட்சா கூப்பனா வந்திருக்காரு, அம்மிணி" என்பார். இன்னொரு நாள் பல் மருத்துவராக வருவார். நாங்கள் இருவரும் அந்த நீதிபதியோடு படியேறுவோம்.

அந்தப் பதினாறு மாதங்களில் எந்த மாதம் எது என்று இப்போது பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை. அபார்ட்மெண்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் ஒரு வெள்ளைக் கொக்கு நாள்தோறும் ஒரே கல்லின்மேல் நிற்கும். அது மீன் பிடித்து நான் பார்த்ததில்லை. ஆலங்கட்டி மழை பெய்து கார்களின் முகங்களைக் கொத்திப் போட்டது நினைவிருக்கிறது. இளஞ்சிவப்புப் பூக்கள் ஒரு முறை உதிர்ந்து, மறுபடி பூத்து, மறுபடியும் உதிர்ந்தன. கேஸ் இன்னும் பெண்டிங்தான் என்று மகள் ஞாயிறுதோறும் சொல்வாள், தட்பவெப்ப அறிக்கை வாசிப்பதுபோல. வெயில் தணியும் நேரத்தில் நாங்கள் பால்கனியில் அமர்ந்து ஆம்லெட்டும் பாஸ்தாவும் எங்களுக்கு மேலே மிதந்து போவதைப் பார்ப்போம். அவருக்கும் எனக்கும் நடுவில், கைக்கெட்டும் தூரத்தில், அந்தச் சிறு அறையின் கதவு இருக்கும். அதற்குள் அவருடைய கைகள் ஒவ்வொரு நாளாக நோட்டில் கிடந்தன. அவருக்கு அது தெரியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

விசாரணைக் கடிதம் வந்த நாளில் அவர் வேடிக்கை எதுவும் சொல்லவில்லை. மகள் புறப்பட்டு வருவதாகச் சொன்னாள், வேண்டாம் என்றார். விசாரணைக்கு முந்தின நாள் மாலை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அங்கே என்ன சொல்லப் போறே?"

"கேட்கிறதுக்குப் பதில் சொல்லுவனுங்க."

"பாத்துச் சொல்லு."

அந்த இரண்டு சொற்கள் எனக்குப் போதுமானவையாக இருந்தன. முப்பத்தேழு ஆண்டுகள் அவர் பக்கத்தில் வாழ்ந்தவள். அயலார் முன்னால் தம்மைச் சிறுமைப்படுத்திவிடாதே என்பதே அதன் பொருள் என்று எடுத்துக்கொண்டேன். சொன்னால் அவர் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் என் எட்டுப் பக்கங்களே இறுதித் தீர்ப்பாகிவிடும்.

டாலஸ் நகரின் நடுவே உயர்ந்த கட்டடம் ஒன்றில், வகுப்பறையைவிடச் சிறிய ஓர் அறை. முதலில் அவரையும் வக்கீலையும் உள்ளே அழைத்தார்கள். நான் வெளியே முக்கால் மணி நேரம் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டதற்கு, நல்லா இருக்கேனுங்க என்று என் கணவர் பதில் சொன்னதை வக்கீல் பிறகு என்னிடம் தெரிவித்தார். பிழை செய்தவள் நான் ஒருத்தி மட்டும் அல்ல என்று அப்போது தோன்றியது.

என்னை அழைத்தார்கள். நீதிபதி கறுப்பு அங்கி அணிந்த இளைத்த மனிதர். ஆங்கிலம் எனக்குப் படிக்க வரும், பேச வராது; எங்களுக்காக அமர்த்திய மொழிபெயர்ப்பாளர் அறையில் இல்லை. மேசைமேல் இருந்த தொலைபேசியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ். நீதிபதி வாயசைத்தால், சற்று நேரம் கழித்து அந்தப் பெட்டியிலிருந்து அவர் யாழ்ப்பாணத் தமிழில் பேசினார். கனவில்தான் இவ்வாறெல்லாம் நிகழும்.

நீதிபதி என் படிவத்தை உயர்த்திக் காட்டினார். "இது நீங்கள் எழுதினதோ அம்மா எண்டு கேக்கிறார்" என்றது குரல்.

நான் எழுதியதுதான் என்றேன்.

"இதில எழுதியிருக்கிறது உண்மையோ?"

பொய் என்று சொன்னால் நான் பொய்யெழுதியவள் ஆவேன். உண்மை என்றால் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். என் கணவரைப் பார்த்தேன். அவர் மூலையில் நின்ற தேசியக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மைதானுங்க, பாதி. மிச்சப் பாதி இந்த நோட்டில் இருக்குது" என்றேன்.

முதல் நாளிலிருந்து படிக்கும்படி நீதிபதி கூறினார். எப்போதும் கடைசியாக எழுதிய பக்கத்தையே திறந்து பழகியவள் நான். முதல் பக்கத்தைப் புரட்டி எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. புரட்டினேன். உச்சியில், நான் வெறுமையாக விட்ட இடத்தில், ஒரு பிள்ளையார் சுழி இருந்தது. வட்டம் வட்டமாக இல்லை. மூன்று இடங்களில் பேனா நின்று நின்று மறுபடி புறப்பட்டிருந்தது. கீழே இழுத்த கோடு, அறுந்த நூல்போல் பக்கத்தின் ஓரம்வரை ஓடி விழுந்திருந்தது. அது யாருடைய கை என்று எனக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் படித்திருக்கிறார். படித்துவிட்டு, எழுது என்று அனுமதியும் தந்திருக்கிறார்.

படிக்கத் தொடங்கினேன். டம்ளர்கள், சாவி, சட்டைப் பொத்தான்கள், உருட்டி வைத்த சோறு. நான் ஒன்று சொல்ல, குரல் அதை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குள் போய்த் திரும்பும். நீதிபதி குறுக்கிட்டு, தினமும் வழிபடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எப்படி நடக்கிறது என்று கேட்டார்.

"சாமிக்கு முன்னால நிக்கறாருங்க. கையைக் கூப்ப வராது. திருநீறு எடுத்தால் விரலிடுக்கில் சிந்திக் கீழே விழுது. அதை மிதிச்சுப் போடுவாங்களேன்னு கோயிலுக்குப் போறதையே நிறுத்திட்டார். ஏன்னு என்கிட்டயும் சொன்னதில்லை. நானாத்தான் தெரிஞ்சுகிட்டேன்."

குரல் ஆங்கிலத்தில் தொடங்கிப் பாதியில் நின்றது. பிறகு அந்தக் குரல், "மன்னிக்கோணும், கடைசியாச் சொன்னதை ஒருக்கா திரும்பச் சொல்லுங்கோ அம்மா" என்றது. திரும்பவும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போது என் கணவர் கொடியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

திரும்பி வர ரயில் ஏறினோம். பாலத்தைக் கடந்த பிறகு, நோட்டை எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டேன். விளக்குமாறு எடுக்கப் போனபோது என்றார். கல்யாணமான நாளிலிருந்து விளக்குமாற்றை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே அறியாதவர் நீங்கள் என்றேன். சிரித்தார்.

"சுழி போடாம எழுதினா காரியம் நின்னுபோகும் அம்மிணி. அதான் போட்டேன். ரெண்டு நாள் ஆச்சு அதைப் போட."

தீர்ப்பு மேலும் பத்து வாரம் கழித்து வந்தது. மகள் தொலைபேசியில் மெதுவாகப் படித்தாள். அறுவை சிகிச்சை நடந்த நாளிலிருந்து என் கணவர் வேலை செய்ய இயலாதவர் என்று நீதிபதி ஏற்றுக்கொண்டிருந்தார். வேலை நின்றதிலிருந்து அதுவரையிலான ஏழு மாதங்களை ஏற்கவில்லை; அவற்றுக்குத் தொகை இல்லை. அந்தக் காலத்தில் அவர் நீராடினார், வழிபட்டார், செடிகளைப் பராமரித்தார், திருப்தியாக உண்டார் என்பதற்கு மனைவியின் அறிக்கையே சான்று என்று எழுதியிருந்தார். அந்த ஏழு மாதங்களுக்காக மட்டும் மேலே முறையிடலாம், ஆனால் மீண்டும் ஒரு நீண்ட வரிசை, கிடைத்ததும் கேள்விக்குள்ளாகலாம் என்று வக்கீல் சொன்னார். நான் என் கணவரின் முகத்தைப் பார்க்க அஞ்சினேன். என் பிழையின் விலை அந்த ஏழு மாதங்கள்.

பால்கனியில் அமர்ந்திருந்த அவர் அண்ணாந்து பார்த்தார். ஒரு விமானம் வந்தது, அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"வேண்டாம் அம்மிணி. அந்த ஏழு மாசமாவது நான் நல்லா இருந்ததா கவர்மெண்ட் காயிதத்திலே இருக்கட்டும்" என்றார்.

நீல நோட்டு இப்போதும் வாளிக்குப் பின்னால்தான் இருக்கிறது. எட்டுப் பக்கப் படிவத்தின் நகலைப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன். சில பிற்பகல்களில் அவர் உறங்கும்போது அதை எடுத்துப் படிப்பேன். அதில் அவர் ஐந்து மணிக்கு எழுகிறார். பொத்தான்களைத் தாமே போட்டுக்கொண்டு, தம் விரல்களால் நெற்றியில் திருநீற்றை மூன்று கோடாக இழுக்கிறார் என்று நான் எழுதாததும் அதில் எனக்குத் தெரிகிறது. பிறகு அவர் விழித்துக்கொள்வார். சிறு கோப்பை ஒன்றை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, செடிகளுக்குத் தண்ணீர் விடப் பால்கனிக்கு நடப்பார். பாதி நீர் வழியிலேயே சிந்தும். நான் துடைத்துக்கொண்டே பின்னால் போவேன்.